பழைய பத்திரங்களில் வரும் ௵, ௳, ௸, ௹ குறிகளை வேர்டில் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி: ஓலைச்சுருள்

வணக்கம். 1930, 40களில் எழுதிய கிரயப் பத்திரங்களைப் பார்த்து வேர்ட் 2019-இல் தட்டச்சு செய்கிற வேலை. விண்டோஸ் 10, நிர்மலா யூஐ ஃபான்ட். மூலத்தில் உள்ளபடியே வரவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே "1938௵ ஜூன்௴ 12௳", "௸யார்", "௹ 250" என்றெல்லாம் அடிக்க வேண்டியிருக்கிறது. சிக்கல்கள் இவை:

1. இணையத்திலிருந்து குறியை எடுத்து ஒட்டினால் எழுத்தின் அளவு மாறிவிடுகிறது, சில இடத்தில் வெறும் கட்டம் வருகிறது. இன்செர்ட் → சிம்பல் போய் ஒவ்வொன்றாகத் தேடினால் ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகிறது.

2. ஒவ்வொரு பத்திரத்தின் கடைசியிலும் சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. அதில் விங்டிங்ஸ் டிக் போட்டு அனுப்பினால் எதிர்த்தரப்பில் ü என்று தெரிகிறதாம்.

3. தொகைகளை எக்செலில் ₹ குறியோடு ஏற்றினால் கூட்டுத்தொகை 0 காட்டுகிறது.

சரிபார்ப்பவர் லிப்ரெஆபிஸ் வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற வழி வேண்டும்.

பதில் 1: அச்சுக்கோர்ப்பு

முதலில் ஒட்டுவதை விடுங்கள். வலைப்பக்கத்திலிருந்து எடுக்கும்போது குறியோடு அந்தப் பக்கத்தின் ஃபான்ட்டும் அளவும் சேர்ந்தே வருகின்றன, அதனால்தான் அளவு மாறுகிறது. ஒட்டியே ஆகவேண்டும் என்றால் வலது கிளிக் செய்து 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' கொடுங்கள்.

உங்களுக்கு வேண்டியவை உட்பட எட்டுக் குறிகள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொது முறையான யூனிகோடில், தமிழுக்கான பகுதியிலேயே வரிசையாக இருக்கின்றன. 2003-இல் வந்த 4.0 பதிப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். தசம எண்ணில் சொன்னால்:

௳ நாள் 3059, ௴ மாதம் 3060, ௵ வருடம் 3061, ௶ பற்று 3062, ௷ வரவு 3063, ௸ மேற்படி 3064, ௹ ரூபாய் 3065, ௺ எண் 3066.

நம்லாக்கைப் போட்டு, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலது ஓர எண்பலகையில் 3061 அடித்து, ஆல்ட்டை விடுங்கள். ௵ வந்துவிடும். மேல் வரிசை எண்களில் இது நடக்காது. ₹ வேண்டுமென்றால் 8377.

எண்பலகை இல்லாத லேப்டாப்பில் ஆல்ட் + எக்ஸ்தான் வழி. இதற்குத் தசம எண் இல்லை, பதினாறடி எண் (ஹெக்ஸ், 0-9 இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும்). ௵-க்கு ஆங்கிலப் பலகையில் 0, பி, எஃப், 5 என நான்கையும் இடைவெளியில்லாமல் அடித்து உடனே ஆல்ட் + எக்ஸ். அதே விசைகளை மறுபடி அழுத்தினால் குறி திரும்பவும் எண்ணாக மாறும். எங்கிருந்தோ வந்த குறி சரியானதுதானா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

உங்கள் வேலையில் ஆல்ட் + எக்ஸ் ஓரிடத்தில் காலை வாரும். "1938"-ஐ ஒட்டியே ௵ வரவேண்டும் அல்லவா? 1938-க்குப் பின்னால் இடைவெளி விடாமல் இந்தப் பதினாறடி எண்ணை, அதாவது குறியின் கோடை (code) அடித்தால், வேர்டுக்கு ஆண்டு எங்கே முடிகிறது, கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முன்னாலுள்ள இலக்கங்களையும் கோடில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். ஒன்றுமே நடக்காது, அல்லது சம்பந்தமில்லாத குறி வரும். "1½" அடிக்கும்போதும் இதே கதைதான். கோடின் நான்கு எழுத்துகளை மட்டும் ஷிஃப்ட் + இடது அம்பால் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட் + எக்ஸ் கொடுத்தால் சரியாக மாறும். எண்ணை ஒட்டி வரும் குறிகளுக்கு எண்பலகை முறையே பாதுகாப்பு.

நாள் முழுக்க அடிக்கிறவருக்கு இந்த இரண்டுமே மெதுவு. இன்செர்ட் → சிம்பல் → மோர் சிம்பல்ஸ் திறந்து, ஃபான்ட் இடத்தில் நிர்மலா யூஐ, சப்செட் இடத்தில் தமிழ் என்று வைத்து, ௸-ஐச் சொடுக்கி, கீழே 'ஷார்ட்கட் கீ' பொத்தானை அழுத்துங்கள். கன்ட்ரோல் + ஆல்ட் + 8 போல ஏதாவது கொடுங்கள். அந்தச் சாளரத்தில் 'அன்அசைன்டு' என்று காட்டினால் மட்டும் 'அசைன்' அழுத்த வேண்டும். கன்ட்ரோல் + ஆல்ட் சேர்ந்த 1, 2, 3 மூன்றும் தலைப்புப் பாணிகளுக்குப் போய்விட்டன. 4-ஐயும் தொடாதீர்கள். 'இங்கிலிஷ் இந்தியா' விசைப்பலகையில் வலது ஆல்ட் + 4 தான் ₹, வேர்டுக்கு வலது ஆல்ட்டும் கன்ட்ரோல் + ஆல்ட்டும் ஒன்றே. அந்த இடத்தில் ௹-ஐ வைத்தால் ₹ போய்விடும்.

இதற்கு ஆட்டோகரெக்ட்டைப் பலர் சொல்வார்கள். "மேப" என்று அடித்தால் ௸ ஆகும்படி வைக்கலாம். ஆனால் சொல் முடிந்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ விழுந்த பிறகுதான் ஆட்டோகரெக்ட் வேலை செய்யும். "௸யார்", "௵த்தில்" என்று விகுதி ஒட்டி வருகிற இடத்தில் அது சும்மா இருந்துவிடும். பத்திரங்களில் தனியாக நிற்கும் ௸-ஐவிட ஒட்டிவரும் ௸ அதிகம். ஆகவே ஷார்ட்கட் விசைதான் உங்களுக்குச் சரிப்படும்.

ஆட்டோகரெக்ட்டே போதும் என்றால் இரண்டு விஷயம். அந்தப் பட்டியல் மொழிக்கு மொழி வேறு. சாளரத்தின் தலைப்பிலேயே எந்த மொழிக்கான பட்டியல் என்று போட்டிருக்கும். ஆங்கிலத்தில் கர்சர் இருக்கும்போது சேர்த்தது தமிழ் விசைப்பலகைக்கு மாறியதும் வேலை செய்யாது. "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். இன்னொன்று, "நாள்", "பற்று" போன்ற உண்மைச் சொல்லைச் சுருக்கமாக வைக்கவே கூடாது. பத்திரத்தில் அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் குறியாகிவிடும்.

½, ¼, ¾ மூன்றும் 1/2 என்று அடித்து இடைவெளி விட்டாலே மாறும். மாறவில்லை என்றால் ஃபைல் → ஆப்ஷன்ஸ் → ப்ரூஃபிங் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், அதில் 'ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்' பக்கத்தில் பின்னங்களுக்கான வரியை டிக் செய்யுங்கள். 1/3 தானாக மாறாது. 2153 அடித்து ஆல்ட் + எக்ஸ் கொடுத்தால் ⅓, 2154-க்கு ⅔.

வரி முடிவில் ௹ ஒரு வரியிலும் 250 அடுத்த வரியிலும் போய் நிற்கும். பத்திரத்தில் அது பார்க்கவே ஆகாது, படிக்கிறவருக்குத் தொகை எங்கே என்று தெரியாமலும் போகும். ௹-க்குப் பிறகு சாதாரண இடைவெளிக்குப் பதில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ் அடித்தால் இரண்டும் பிரியாது.

பதில் 2: பேரேடு

எக்செல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

அறைக்குள் ₹-ஐக் கையால் அடிக்காதீர்கள். கணினியின் வட்டார அமைப்பு இந்தியாவாக இல்லாவிட்டால் "₹ 250" என்பதை எக்செல் எண்ணாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எண் அறையின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். உங்கள் தொகைகள் இடது பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். சம் சூத்திரம் எழுத்தைக் கூட்டாது, அதனால்தான் 0. ௹-ஐ அடித்தால் எந்த அமைப்பிலும் அது எழுத்துதான்.

ஏற்றிய தொகைகளைத் திருத்த: கன்ட்ரோல் + எச், தேட வேண்டியதில் ₹, மாற்ற வேண்டியதைக் காலியாக விட்டு 'ரிப்ளேஸ் ஆல்'. பிறகு இடைவெளியையும் அப்படியே நீக்குங்கள். அப்போதும் எண்ணாக மாறாமல் அடம்பிடித்தால், அங்கே இருப்பது பதில் 1-இல் சொன்ன பிரியா இடைவெளி (கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ்). அப்படி அடித்து வேர்டிலிருந்து ஒட்டிய தொகைகளில் அது இருக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் சாதாரண இடைவெளியைத் தேடினால் அது சிக்காது. தேடும் கட்டத்தில் எண்பலகையால் ஆல்ட் + 0160 அடித்து நீக்குங்கள்.

இனி வெறும் எண்ணை மட்டும் ஏற்றி, குறியை வடிவமைப்பில் கொடுங்கள். கன்ட்ரோல் + 1 → கஸ்டம், அங்கே

"₹ "#,##0.00

₹ இருக்கும் இடத்தில் ௹ வைத்தாலும் அப்படியே வேலை செய்யும். லட்சம், கோடிக் கமாவும் வேண்டுமென்றால்:

[>=10000000]"₹ "##\,##\,##\,##0;[>=100000]"₹ "##\,##\,##0;"₹ "##,##0

கழித்தல் தொகைகளுக்கு இது லட்சக் கமா போடாது. பத்திரத் தொகையில் அந்தக் கவலை இல்லை.

குறியைத் தனி அறையில் காட்டத்தான் வேண்டும் என்றால், எக்செலில் ஆல்ட் + எக்ஸ் கிடையாது. எண்பலகையில் ஆல்ட் + 8377 அடித்தால் ╣ வந்து நிற்கும். எக்செல் 256-க்கு மேற்பட்ட எண்ணை 256-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்கிறது. 8377-இல் மீதி 185, பழைய டாஸ் அட்டவணையில் 185-ஆவது எழுத்து ╣. இதற்கு யூனிசார் (யூ, என், ஐ, சி, எச், ஏ, ஆர்) என்ற சூத்திரம் 2013 பதிப்பிலிருந்து இருக்கிறது. சமக்குறி, சூத்திரப் பெயர், அடைப்புக்குள் 8377 கொடுத்தால் ₹, 3065 கொடுத்தால் ௹. லிப்ரெஆபிஸ் கால்கிலும் இதே பெயர்தான், கோப்பு இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

ஓலைச்சுருள்

ரொம்ப நன்றி. 0160 வைத்தியம் பலித்தது, கூட்டுத்தொகை வந்துவிட்டது. ஷார்ட்கட் விசைகளும் வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு பாக்கி: டிக் ü ஆவது, சரிபார்ப்பவர் கணினியில் சில குறிகள் கட்டமாகத் தெரிவது. கூடவே, சில பத்திரங்களில் தொகையைத் தமிழ் எண்ணில் எழுதியிருக்கிறார்கள், முந்திரி, காணி என்ற பழைய பின்னக் கணக்கும் வருகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில் 3: எழுத்துரு மேசை

ü ஆவதற்குக் காரணம், நீங்கள் வைத்தது டிக்கே இல்லை. விங்டிங்ஸில் 252-ஆம் இடத்துக்கு டிக் வடிவம் வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்ற ஃபான்ட்களில் 252-ஆம் இடம் ü-வினுடையது. விங்டிங்ஸ் இல்லாத கணினியிலோ கைபேசியிலோ திறந்தால், அல்லது யாராவது முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஃபான்ட் மாற்றினால், வேடம் கலைந்து ü வெளியே வந்துவிடும். எத்தனை டிக் இருக்கிறது என்று தேடி எண்ணவும் முடியாது.

யூனிகோடில் உண்மையான டிக் உண்டு. வேர்டில் இவற்றை அடித்து ஆல்ட் + எக்ஸ் கொடுங்கள். எல்லாம் வெறும் எண்களே, தமிழ்ப் பலகையிலிருந்து மாற வேண்டியதில்லை:

2713 ✓, 2717 ✗, 2610 ☐, 2611 ☑, 2612 ☒

சரிபார்ப்பவரே சொடுக்கி டிக் வைக்க வேண்டுமென்றால், ரிப்பனில் டெவலப்பர் தாவலைத் திறந்துகொண்டு 'செக் பாக்ஸ் கன்டென்ட் கன்ட்ரோல்' வையுங்கள். சொடுக்கினால் இயல்பாக ☒ வரும். ப்ராப்பர்ட்டீஸில் அதை ☑ ஆக மாற்றிக்கொள்ளலாம்.

கட்டம் தெரிவது வேறு விஷயம். எழுத்தின் எண் சரியாகத்தான் போயிருக்கிறது, அங்கே உள்ள ஃபான்ட்டில் அந்த எண்ணுக்கு வடிவம் இல்லை. நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதல் கணினியோடு வருகிறது. லினக்ஸில் இருக்காது. இருவரும் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம், தமிழ்ப் பகுதிக் குறிகள் முழுவதும் அதில் உண்டு. அதை நிறுவ முடியாத இடத்துக்கு அனுப்பும்போது ஃபைல் → ஆப்ஷன்ஸ் → சேவ் போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' டிக் செய்யுங்கள். அதற்குக் கீழே பொதுவான சிஸ்டம் ஃபான்ட்களைப் பதிக்காதே என்றொரு வரி இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விண்டோஸோடு வந்த ஃபான்ட்களை விட்டுவிடும். அச்சுக் கடைக்கு என்றால் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். வேர்ட் கோப்பைக் கொடுத்தால் அந்தக் கடைக் கணினியில் என்ன ஃபான்ட் இருக்கிறதோ அதுதான் காகிதத்தில் வரும்.

₹ சிறியதாகவும் பக்கத்தில் தமிழ் பெரியதாகவும் தெரிந்தால் கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். வேர்டுக்குத் தமிழ் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' வகை, ₹ லத்தீன் வகை. இரண்டுக்கும் தனித்தனி ஃபான்ட், தனித்தனி அளவு. ௹ தமிழோடு சேரும், ₹ சேராது. மேலே 12, கீழே 14 என்று இருந்தால் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

பாமினி, டேப் போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த பத்திரம் கையில் வந்தால் அதற்குள் குறிகளைச் செருக முயலாதீர்கள். டேப், திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறைகளில் 128 முதல் 255 வரையான இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். ½, ° இரண்டின் இடமும் அங்கேதான். ° போட்டால் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகத் தெரியும். முதலில் முழுக் கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு குறிகளை வையுங்கள்.

பதில் 4: திண்ணை லினக்ஸ்

லிப்ரெஆபிஸ் பக்கம் பார்ப்பவருக்கு: ரைட்டரிலும் ஆல்ட் + எக்ஸ் உண்டு. இன்செர்ட் → ஸ்பெஷல் கேரக்டர் சாளரத்தில் தேடும் கட்டம் இருக்கிறது, அதில் குறியின் ஆங்கிலப் பெயரை அடித்தால் போதும். அடிக்கடி வேண்டியதை 'ஃபேவரிட்ஸ்' ஆக்கிவிட்டால் கருவிப்பட்டையில் ஒமேகா பொத்தானுக்குக் கீழேயே நிற்கும்.

௸யார் சிக்கலுக்கு இங்கே நல்ல தீர்வு இருக்கிறது. டூல்ஸ் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில் மாற்ற வேண்டிய சொல்லை "மேப.*" என்று புள்ளியும் உடுக்குறியும் சேர்த்துக் கொடுங்கள், மாற்றாக ௸ மட்டும். "மேபயார்" என்று அடித்து இடைவெளி விட்டால் "௸யார்" ஆகிவிடும். இங்கேயும் பட்டியல் மொழிவாரியாகத்தான், மேலே தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சேர்க்கவும்.

பதில் 5: அச்சுக்கோர்ப்பு

தமிழ் எண்களில் பலர் செய்கிற தவறு ஒன்றை முதலிலேயே தடுத்துவிடலாம். ௧ க போலவும் ௨ உ போலவும் ௪ ச போலவும் ௭ எ போலவும் ௮ அ போலவும் ௰ ய போலவும் தெரிவதால், எழுத்தையே அடித்து விட்டுவிடுகிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. தேடும்போது கிடைக்காது, எண்ணாக மாற்றவும் முடியாது. எண்ணுக்குத் தனி இடம் உண்டு: ௦ 3046-இல் தொடங்கி ௯ 3055 வரை, பிறகு ௰ பத்து 3056, ௱ நூறு 3057, ௲ ஆயிரம் 3058.

250-ஐப் பத்திரத்தில் ௨௱௫௰ என்று எழுதியிருப்பார்கள். இரண்டு நூறு, ஐந்து பத்து. அடிக்க வேண்டியது 3048, 3057, 3051, 3056. மூலத்தில் இப்படி இருந்தால் ௨௫௦ என்று "திருத்த" வேண்டாம், அது வேறு எழுத்துமுறை. ஏற்கெனவே அடித்த கோப்பில் சந்தேகம் வந்தால் குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ். 0பிஇ8 என்று காட்டினால் எண் ௨, 0பி89 என்று காட்டினால் எழுத்து உ.

முந்திரி, காணி வகைப் பின்னங்கள் 2019-இல் வந்த யூனிகோட் 12.0-இல் 'தமிழ் சப்ளிமென்ட்' என்ற தனிப் பகுதியாக வந்தன. அளவை, நிலம், கணக்குக் குறிகளும் சேர்த்து மொத்தம் 51. முதல் இடம் முந்திரிக்கு, அதாவது 1/320. கோடு ஐந்து இலக்கம்: 1, 1, எஃப், சி, 0. வேர்டில் ஆல்ட் + எக்ஸ் கொடுக்கலாம், எக்செலில் யூனிசார் சூத்திரத்துக்கு 73664. சாதாரணத் தமிழ் ஃபான்ட் வைத்திருந்தால் கட்டம்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று தனி ஃபான்ட் இருக்கிறது, நோட்டோ சான்ஸ் தமிழோடு அதையும் இரண்டு கணினியிலும் நிறுவுங்கள். அனுப்பும் முன் ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அந்தக் குறி இருக்கும் வரியை 200 சதவீதம் பெரிதாக்கி மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பின்னத்துக்கு இரண்டு வடிவம் உள்ளவையும் அந்தப் பகுதியில் உண்டு, மூலத்தில் எது இருக்கிறதோ அதையே எடுக்க வேண்டும்.

பதில் 6: பேரேடு

மூலப் பத்திரம் எதிலாவது அளவுக்கு ° வந்தால் ஆல்ட் + 0176. பலர் 0186 அடித்து º போட்டுவிடுகிறார்கள். அது ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய மொழிகளில் வரிசை எண்ணுக்குப் போடும் சிறிய ஓ எழுத்து. சில ஃபான்ட்களில் அடியில் ஒரு கோடும் இருக்கும்.